பீரோவில் பூட்டிய சங்கீதம்

சங்கீதம் பற்றிப் பேசப் பெரியவர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு புலம்பல் தவறாமல் எழுகிறது. அந்தக் காலத்தில் ஒரு தோடிக்காகப் பத்து மைல் நடந்தார்களாம். கோயில் வாசலில் துண்டை விரித்து விடியும்வரை உட்கார்ந்திருந்தார்களாம். இன்றைக்கு எவனும் விரலை அசைத்தால் போதும், ராஜரத்தினம் பிள்ளை வந்து நிற்கிறார். ஆகவே அவருடைய அருமை எவனுக்கும் தெரியவில்லையாம். இணையம் வந்து செவியைக் கெடுத்துவிட்டது, எளிதில் கிடைப்பதை மனம் மதிப்பதில்லை, இப்போது சங்கீதம் சேர்ப்பவர்கள் உண்டு, கேட்பவர்கள் இல்லை என்று அந்தப் புலம்பல் நீளும். இதை நாங்கள் பல ஆண்டுகளாகப் பணிவோடு கேட்டு வந்திருக்கிறோம். மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று இருந்துவிட்டோம். அண்மையில் ஒரு சிற்றிதழ்க் கூட்டத்தில், எங்களில் பாதி வயதுகூட ஆகாத ஒரு கவிஞர் இதையே அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். கூடியிருந்தோர் தலையசைத்தார்கள். இனியும் வாய்மூடி இருப்பது சரியில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

முதலில் அந்தப் பத்து மைல் கதையையே எடுத்துக்கொள்வோம். அது பொய்யில்லை. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் தெருவில்தான் ஒலித்தது. நடக்கக் காலும் கேட்கச் செவியும் உள்ளவன் பின்னால் போனான். எல்லாத் தெருவிலும் எல்லோரும் நடக்க முடிந்ததா என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள், அது இருக்கட்டும். எங்கள் தலைமுறைக்குச் சங்கீதம் கிடைத்த விதம் வேறு. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வானொலியில் தேசிய நிகழ்ச்சி. மின்சாரம் போனால் கச்சேரியும் போயிற்று, திரும்ப வராது. ஊர்க் கேசட் கடையில் பக்திப் பாடல்களுக்கும் சினிமாப் பாடல்களுக்கும் நடுவே கர்நாடக சங்கீதத்துக்கென்று ஒரே ஒரு தட்டு. அதில் ஐந்தாறு பெயர்கள், அவையும் மாறி மாறி அதே உருப்படிகள். மார்கழிக் கச்சேரிகளைக் கேட்கச் சென்னையில் ஓர் உறவினர் வீடு வேண்டும். பதினைந்து நாள் விடுப்பு வேண்டும். இரண்டும் வாய்த்தவர்கள் எங்களில் ஒருவரோ இருவரோ. இந்த வறுமையைத் தவம் என்று பெயர் மாற்றிச் சொல்வதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. கிடைக்காதவன் ஏங்கினான். ஏங்கியவன் எல்லாம் ஆழ்ந்து கேட்டான் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது?

இலக்கியம் படிப்பவர்களான நமக்கு இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. நாம் இந்தக் கலைஞர்களைக் கேட்பதற்கு முன்பே படித்துவிட்டோம். கல்கி, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனங்களைத் தொகுப்புகளில் படித்தோம். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் ரங்கண்ணாவின் முன்னால் பாபுவோடு நாமும் உட்கார்ந்தோம். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததையும், அங்கே இருமுவதற்குக்கூட மற்ற வித்வான்கள் அஞ்சியதையும் எத்தனை கட்டுரைகளில் படித்திருப்போம்! தனம்மாளின் வீணையில் ஒரு நொடிகூடக் காதில் விழாமலே அதன் நாதத்தைப் பற்றிப் பேச நமக்குப் பத்து வாக்கியங்கள் தெரிந்திருந்தன. நமக்கு அவர்கள் கலைஞர்களாக இருக்கவில்லை, உரிச்சொற்களாக இருந்தார்கள். ‘உன்னதம்’, ‘அமானுஷ்யம்’, ‘தெய்விகம்’ என்று. கேட்காத சங்கீதத்தைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களை இன்று திரும்பிப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

1938இல் மறைந்த தனம்மாளின் இசைத்தட்டுகள் சில 1930களில் பதிவானவை. அவற்றில் ஒன்றை நாங்கள் முதலில் கேட்டது ஒரு கணினியின் மட்டமான ஒலிபெருக்கியில். தாளிக்கும் கடுகுபோல வெடிக்கும் இரைச்சல். அதற்குப் பின்னால், தொலைவில், வீணை. மென்மையானது என்றுதான் எப்போதும் படித்திருந்தோம். கேட்டபோது மென்மையைவிட அந்த மீட்டில் இருந்த தீர்மானம்தான் முதலில் செவியில் பட்டது. எதையும் நிரூபிக்க வேண்டாதவரின் வாசிப்பு. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்; அதற்குள் அவசரம் எங்கும் இல்லை. முடிந்தவுடன் மறுபடி போட்டோம். அன்றிரவு எத்தனை முறை போட்டோம் என்ற கணக்கு இல்லை. நாற்பது ஆண்டுகளாக உரிச்சொல்லாக இருந்தவர் மூன்று நிமிடத்தில் ஒரு மனுஷியாக எதிரில் வந்து உட்கார்ந்தார். இது மலிவான அனுபவம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

எம். டி. ராமநாதன் கதை இதைவிட முக்கியமானது, ஏனென்றால் அவரை நாங்கள் முன்பே கேட்டிருந்தோம், கேட்டு நிராகரித்திருந்தோம். வானொலியில் அவர் குரல் வந்தால் வீட்டில் யாராவது சிரிப்பார்கள். இன்னும் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது என்பார்கள். மந்தரத்தில் உறங்கும் அந்தக் குரல், நகரவே நகராத அந்தக் காலப்பிரமாணம், சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு மௌனத்தில் நிற்கும் அந்தப் பழக்கம், எல்லாம் எங்களுக்குச் சோம்பலாகத் தெரிந்தன. பையன்களாக இருந்தபோது அவரைப்போலப் பாடிக்காட்டி நண்பர்களைச் சிரிக்க வைத்தவர்கள் எங்களில் உண்டு. 1984இல் அவர் மறைந்தார். சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதும் அப்போது எங்களுக்குப் பெரிய செய்தியாகப் படவில்லை.

பல ஆண்டுகள் கழித்து இணையத்தில் அவருடைய கச்சேரிப் பதிவுகள் வரத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவில். ஒன்றைக் கேட்டபோது எதுவும் நிகழவில்லை. மூன்றாவதையோ நான்காவதையோ கேட்கும்போது, ஒரு சஹானாவின் நடுவில், அவர் எங்கே நிற்கிறார் என்பது திடீரென்று பிடிபட்டது. அவர் மெதுவாகப் போகவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி முழுவதையும் காட்டிக்கொண்டு போகிறார். மற்றவர்கள் தாண்டிக் குதிக்கும் இடத்தில் அவர் இறங்கி நடக்கிறார். இது தெரிந்தபின் பழைய பதிவுகளை மறுபடி கேட்டோம். முன்பு சோம்பலாகத் தெரிந்த அதே மௌனங்கள் இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வைத்தன. தன் குரு டைகர் வரதாச்சாரியாரின் நினைவாக ‘வரததாஸ’ என்ற முத்திரையில் அவர் இயற்றிய கீர்த்தனைகளையும் அப்படித்தான் தேடிப் போனோம்.

இப்போது சொல்லுங்கள்: பத்து மைல் நடந்து ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் எங்களுக்கு ராமநாதன் கிடைத்திருப்பாரா? ஒரு முறை கேட்டு ஒதுக்கியவர்கள்தாமே நாங்கள்! அவரை எங்களுக்கு மீட்டுத் தந்தது, திரும்பத் திரும்பக் கேட்கும் வசதி. எழுத்துக்கு இந்த வசதி எப்போதும் உண்டு. மௌனியின் ஒரு கதையை முதல் வாசிப்பில் புரிந்துகொண்டவர் யார்? புத்தகத்தைத் திரும்பப் புரட்டுவதால் இலக்கியம் மலிவாகிவிட்டது என்று எந்தப் பெரியவரும் புலம்பக் காணோம். சங்கீதத்துக்கு மட்டும் ஒரே முறைதான் என்று விதிப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் நாங்கள் அடைந்தவற்றில் பெரும்பகுதி இசைத்தட்டு, கேசட் நிறுவனங்கள் வெளியிட்டவை அல்ல. யாரோ ஒரு ரசிகர் சபாவின் மூன்றாம் வரிசையிலோ கல்யாணப் பந்தலிலோ ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்தவை. மதுரை மணி ஐயர் 1968இல் மறைந்தவர். அவருடைய கச்சேரிகளை இன்று நாம் கேட்க முடிவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களால்தான். இந்தப் பதிவுகளில் தம்புரா சேர்க்கும் ஒலி இருக்கிறது; மைக் ஊளையிடுகிறது; குழந்தை அழுகிறது; கற்பனை ஸ்வரத்தின் ஒரு திருப்பத்தில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் ‘ஆஹா’ என்கிறார்கள். அந்த ‘ஆஹா’ வந்த இடத்தை வைத்தே அந்தக் கால ரசிகர்களின் செவியை அளந்துவிடலாம். பெரியவர்கள் சொல்லும் அந்தப் பொற்காலத்தை நாங்கள் அவர்கள் சொல்லித்தான் நம்ப வேண்டும் என்ற நிலை போய்விட்டது. நாங்களே அதில் உட்கார்ந்து கேட்கிறோம். அங்கே அபஸ்வரமும் கேட்கிறது, மிருதங்கக்காரரோடு கோபித்துக்கொள்ளும் பாடகரும் இருக்கிறார். டி. ஆர். மகாலிங்கத்தின் புல்லாங்குழலில், உலகத்தில் வேறெவரும் தொட்டிராத ஓர் ஆலாபனைக்கும், மனமில்லாமல் ஊதி வைத்த ஒரு மாலைக்கும் இடையில் சில மாதங்கள்தான் வித்தியாசம். இரண்டையும் கேட்டபிறகு அவர்மேல் பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தப் பதிவுகளில் ஒரு காயமும் இருக்கிறது. டேப் விலை அதிகம். ஆகவே தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பாடகர் பல்லவியை முடித்து மிருதங்கத்துக்கு விடுகிறார், ஒரு ‘டக்’, அடுத்த நொடி அவரே மறுபடி பாடுகிறார். நடுவில் இருந்த கால் மணி நேரம் காற்றோடு போயிற்று. 1962இல் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை அங்கே என்ன வாசித்தார், அந்தத் தொப்பியிலிருந்து என்ன நாதம் எழுந்தது என்பது அந்தச் சபாவில் இருந்தவர்களோடு முடிந்துவிட்டது. அதிகாலையில் எழுந்து வரிசையில் நின்ற, அருமை தெரிந்த அந்தக் காலத்து ரசிகர்தான் அந்தப் பொத்தானை அழுத்தியவர் என்பதையும் கொஞ்சம் நினைவில் கொள்ள வேண்டும். யாரைச் சேமிப்பது, யாரை விடுவது என்ற அவருடைய அந்த முடிவில் பக்கவாத்தியத்துக்கு அன்று இருந்த இடம் அப்படியே பதிவாகியிருக்கிறது.

யார் பெரிய கலைஞர் என்ற பட்டியலும் அப்படித்தான் உருவானது. எவருடைய இசை மூன்று நிமிடத் தட்டிலும், பிறகு முக்கால் மணிநேரக் கேசட்டிலும் அடங்கியதோ, எவரைச் சபாக்கள் மேடையேற்றினவோ, அவர்களே பட்டியலில் நின்றார்கள். நாகஸ்வரம் வாசலிலேயே நின்றுவிட்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஒருவருக்கு மட்டும் விலக்கு. அவரும் பெரும்பாலோருக்கு ஒரு தோடித் தட்டாகவும், குணச்சித்திரக் கதைகளின் தொகுப்பாகவுமே மிஞ்சினார். அந்தக் கதைகள் தெரிந்த அளவுக்கு அவருடைய கல்யாணி நமக்குத் தெரியாது. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாயனத்தை அவர் கையிலெடுத்து, கீச்சென்று உயர்ந்த சுருதியில் ஒலித்த திமிரியை ஓரங்கட்டினார் என்று படித்திருந்தோம். அந்த மாற்றத்தின் பொருள் இணையத்தில் அவருடைய பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டபோதுதான் உறைத்தது. சுருதி இறங்கியதும் அந்த வாத்தியத்துக்குக் குழைவு வந்தது. வாய்ப்பாட்டின் கமகம் எல்லாம் அதற்குள் வந்து இறங்கியது.

அவருடைய சீடர் காருக்குறிச்சி அருணாசலம் 1964இல், நாற்பத்து மூன்று வயதுக்குள், போய்விட்டார். தமிழ்நாட்டில் அவரைத் தெரிந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிடும் அந்த நாகஸ்வரம் மட்டுமே தெரியும். எங்களுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. பிறகு ஒருநாள் அவருடைய கச்சேரி ஒன்று, மணிக்கணக்கில், தவிலோடு, தனியோடு கிடைத்தது. எங்களில் ஒருவர் அலுவலகத்துக்குப் போகும் பேருந்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி வரும் பேருந்திலும் தாண்டிவிட்டார் என்பது அவர் சொல்வது. இதை நாங்கள் முழுதாக நம்பவில்லை. அன்று மாலை எங்கள் எல்லோருக்கும் அந்தக் கோப்பு வந்து சேர்ந்துவிட்டது. இந்த மனிதரை ஒரு சினிமாப் பாட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது யார்? இணையமா?

இதைவிடப் பழைய ஒரு கணக்கும் பாக்கியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தபோது, 1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் உட்பட, அந்தக் கொம்புக் குழாயின் முன்னால் துணிந்து நின்று பாடியவர்களில் பலர் பெண்கள். தென்னகத்தில் அப்படிப் பாடியவர்களில் கோயம்புத்தூர் தாயி (1872–1917) ஒருவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் அவருடைய தட்டைக் கேட்டு மயங்கி, அதை அடியொற்றியே ‘ராகமாலிகா’ என்று ஓர் உருப்படியை எழுதினார். பாரிசில் அவர் பெயர் தெரிந்திருந்தது. நம் இசை வரலாற்று நூல்களிலோ அவரும் அவரைப் போன்றவர்களும், தேவதாசிக் குலத்தில் பிறந்த குற்றத்துக்காக, அடிக்குறிப்புக்குள் தள்ளப்பட்டார்கள். கௌரவமான வீடுகளின் பெண்கள் மேடைக்கு வந்தபிறகுதான் பெண்களின் சங்கீதம் தொடங்கியது என்பதுபோல ஒரு கதை எழுதப்பட்டது. இப்போது தாயியின் தட்டுகளை எவரும் கேட்கலாம். கேட்ட எவராலும் அந்தக் கதையைப் பழையபடி சொல்ல முடியாது. புலம்புபவர்களில் சிலருக்கு உண்மையில் இதுதான் உறுத்துகிறதோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி, பீரோவுக்கு வருவோம்.

தொண்ணூறுகளில் நாங்கள் மூன்று பேர் காவிரிக்கரை ஊரொன்றில் ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக்குப் போனோம். அறிமுகக் கடிதத்தோடுதான் போனோம். இல்லாவிட்டால் வாசலோடு சரி. காப்பி கொடுத்தார். எங்களுக்குச் சங்கீதத்தில் என்ன தெரியும் என்று அரைமணி நேரம் பரீட்சை நடந்தது. தேறினோம் போலிருக்கிறது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஒரு கோத்ரெஜ் பீரோவைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக ஸ்பூல்கள். டி. பிருந்தா ஒரு வீட்டுக் கூடத்தில் பாடிய க்ஷேத்ரய்யா பதம் ஒன்றைப் போட்டார். எட்டு நிமிடம் ஓடியிருக்கும். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் எழுந்து இயந்திரத்தை நிறுத்தினார். “மாமா, இன்னும் கொஞ்சம்...” என்றோம். “இன்னிக்கு இது போதும். அடுத்த தடவை வாங்கோ, மீதியைப் போடறேன்” என்று பீரோவைப் பூட்டினார். ஒரு பிரதி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க எங்களுக்கு நா எழவில்லை.

அடுத்த தடவை நாங்கள் போனது அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆனபிறகு. வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பூல்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் இரண்டு சாக்குகளில் இருந்தன. திறந்தபோது காடி நெடி அடித்தது. நாடாவைத் தொட்டால் அதன் மேல்பூச்சு பழுப்புத் தூளாக விரலில் ஒட்டிக்கொண்டது. சிலவற்றில் பூஞ்சை. அந்தப் பதத்தின் மீதியை எங்களால் இன்றுவரை கேட்க முடியவில்லை.

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. சங்கீதத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தியில் பாதிகூட எங்களுக்கு இருக்காது. ஆனால் அந்தப் பக்தி அந்த நாடாக்களைத் தகுதியற்ற செவிகளிடமிருந்து காப்பாற்றி, கடைசியில் பூஞ்சையிடம் கொடுத்தது. காந்த நாடாவுக்கு ஆயுள் உண்டு. பிரதி எடுக்காமல் காப்பது என்று அதில் ஒன்று கிடையாது. மூன்று மணிநேரக் கச்சேரியைக் கணினிக்கு மாற்ற மூன்று மணிநேரம் இயந்திரத்தின் அருகில் உட்கார வேண்டும். நடுவில் நாடா அறுந்தால் ஒட்ட வேண்டும். தலைப்பைத் துடைக்க வேண்டும். இதைக் கூலியில்லாமல், பெயர்கூடப் போட்டுக்கொள்ளாமல், ஆண்டுக்கணக்கில் செய்தவர்கள் இருக்கிறார்கள். ‘சங்கீதப்பிரியா’ போன்ற, வணிக நோக்கமில்லாத தளத்தில் சேர்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான மணிநேரப் பதிவுகள் இப்படி வந்தவையே. சங்கீதத்துக்குத் தொண்டு என்ற சொல்லை நாங்கள் இவர்களுக்குத்தான் ஒதுக்குவோம்.

தனியார் பீரோ மட்டுமா? மக்கள் பணத்தில் வளர்ந்த வானொலி நிலையங்களில் இருக்கும் நாடாக்களின் பரப்பை நினைத்தால் தலை சுற்றுகிறது. 2016 ஜனவரியில் பிரசார் பாரதி ‘ராகம்’ என்ற 24 மணிநேரச் செவ்வியல் இசை ஒலிபரப்பைத் தொடங்கியது, மகிழ்ந்தோம். ஆனால் அவர்கள் போடும்போது நாம் கேட்கலாமே தவிர, நாம் கேட்டதை அவர்கள் போடுவதில்லை. சனிக்கிழமை ஒன்பதரை மணி இருபத்து நான்கு மணி நேரமாக நீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எதிர்வாதங்களில் ஒன்றே ஒன்று எங்களைத் தூங்கவிடாமல் செய்வது. அதையும் சொல்லிவிட வேண்டும். பிருந்தா தம் சங்கீதம் இப்படி ஊரெல்லாம் பரவுவதை விரும்பியவர் இல்லை. வணிகப் பதிவுகளிலிருந்து விலகியே நின்றார். தனம்மாளின் பேத்தி, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் மாணவி, 1976இல் சங்கீத கலாநிதி. எதிரில் உட்கார்ந்து கற்பவருக்கே இது போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருந்தால், அவர் 1996இல் மறைந்தபின் அவருடைய வீட்டுப் பதிவை நாங்கள் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாமா? பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று ஒரு காலம் பிடிவாதமாக இருந்தார். தன் நாதம் ஓர் இயந்திரத்தின் வழியாகப் போவதையே ஏற்காதவரின் மிருதங்கம் இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறது. இதற்கு எங்களிடம் சுத்தமான பதில் இல்லை. உயிரோடு இருக்கும் கலைஞர் வேண்டாம் என்றால் அந்தப் பதிவை எடுத்துவிட வேண்டும். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. இல்லாதவர்கள் விஷயத்தில் நாங்கள் இரண்டு கட்சியாக இருக்கிறோம். எங்களில் ஒருவர் பிருந்தாவின் பதிவுகளை இன்றும் கேட்பதில்லை. மற்றவர்கள் கேட்கிறோம், கேட்கும்போது பிறர் கடிதத்தைப் படிக்கும் கூச்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. பதங்களை அவ்வளவு விளம்பத்தில், ஒரு சொல்லின் அடியில் இன்னொரு சொல் நிழலாடும்படி பாட முடியும் என்பது அந்தக் கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் பீரோ மாமாவுக்கு இந்த வாதத்தைக் கடன் கொடுக்க நாங்கள் தயாரில்லை. அவரும் அதை நாடாவில் பிடித்தவர்தான். அவருக்கும் பிருந்தா அனுமதி எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

சட்டத்தின் பெயரால் வரும் தடை வேறு வகை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ராஜரத்தினம் பிள்ளை உயிரோடு இருந்தபோது வெளியான தட்டுகள் எல்லாம், கடைசித் தட்டு உட்பட, 2017 பிறந்தபோது பொதுச்சொத்தாகிவிட்டன. தியாகராஜருக்கோ வாரிசுரிமை கேட்க யாருமில்லை. இருந்தும், எங்கள் நண்பர் ஒருவர் தம் பாட்டனாரின் பெட்டியிலிருந்த ஒரு பழைய தட்டைத் துடைத்து இணையத்தில் ஏற்றியபோது, உரிமை கோரி ஒரு தானியங்கிக் கடிதம் வந்தது. மனிதர் எவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் எண்பதாண்டு பழைய கீறலை அடையாளம் கண்டிருப்பார்கள். நண்பர் சட்டப் பிரிவைக் காட்டிப் பதில் எழுதினார். இரண்டு மாதம் கழித்து, விளக்கம் எதுவும் இல்லாமல், தடை நீங்கியது. எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருக்காது.

எங்கள் பக்கத்துக் குற்றங்களையும் மறைக்க விரும்பவில்லை. இணையத்தில் ஏற்றுபவர்களில் பலர் செய்யும் அலங்கோலம் சொல்லி முடியாது. நாடா தவறான வேகத்தில் ஓடி, ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இரண்டரைக் கட்டையில் அவசர அவசரமாகப் பாடுகிறார். அதைக் கேட்டுவிட்டு அவருடைய துரித காலத்தைப் பாராட்டி ஒருவர் கட்டுரையும் எழுதிவிடுகிறார். இரைச்சலை நீக்குகிறேன் என்று தம்புராவையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘மிக மிக அரிய பதிவு’ என்று ஒரே பட்டம். ஆனால் எந்த ஊர், எந்த ஆண்டு, வயலின் யார், மிருதங்கம் யார் என்றால் பதில் இல்லை. மதுரை மணி ஐயரின் பல பதிவுகளில் அவரோடு வேம்பு ஐயரும், மருமகன் டி. வி. சங்கரநாராயணனும் கூடப் பாடுகிறார்கள். சங்கரநாராயணன் பின்னாளில் தாமே பெரிய பாடகராக விளங்கி 2022இல் மறைந்தார். அவர் பெயராவது சில இடங்களில் காணப்படுகிறது. வேம்பு ஐயர் பெயரை எழுதியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் டேப்பை நிறுத்தியவருக்கும், பக்கவாத்தியக்காரர் பெயரைத் தட்டச்சு செய்யச் சோம்பும் இன்றைய ரசிகருக்கும் எங்களால் பெரிய வித்தியாசம் காண முடியவில்லை. செவி கெட்டுவிட்டது என்று சொல்லும் பெரியவர்கள் இந்த வேலைக்கு வந்தால் எவ்வளவு உபகாரமாக இருக்கும்! ஒரு வில்லின் இழுப்பை வைத்தே வயலின் யாரென்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு.

சென்ற மாதம் எங்களுக்கு ஒரு பெட்டி கேசட்டுகள் வந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெண் அனுப்பியவை. அப்பாவுக்குப் பிறகு வீட்டில் கேட்பவர் யாருமில்லை, தூக்கிப்போட மனம் வரவில்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் தேதி மட்டும். இரண்டு மழையில் நனைந்து வீணாகியிருந்தன, மற்றவை ஓடின. ஒன்றில் யாரோ ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. பின்னணியில் வேட்டுச் சத்தம், பலூன்காரரின் ஊதல். பாடுபவர் யார் என்பது இரண்டாவது உருப்படியில் தெரிந்துவிட்டது: எம். டி. ராமநாதன். தனி ஆவர்த்தனம் வந்தபோது எல்லோரும் அந்த ‘டக்’ சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. ஆசிரியர் டேப்பை ஓடவிட்டிருக்கிறார். பதினேழு நிமிடம், கடைசி கோர்வை வரை, முழுதாக இருக்கிறது. மிருதங்கம் யாரென்பதில் எங்களுக்குள் இரண்டு வாரமாகச் சண்டை. இதுவரை மூன்று பெயர்கள் சொல்லப்பட்டிருக்கின்றன, வயலினுக்கு இரண்டு. கேசட்டை எண்ணியமாக்கி வைத்திருக்கிறோம். செவி உள்ள பெரியவர்கள் யாராவது ஒரு மாலை வந்து கேட்டுச் சொன்னால் காப்பியும் உண்டு.